லோகால்ஸ்போர்வெக்: 'உள்ளூர் இருப்புப்பாதை' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். 'லோகால்ஸ்போர்வெக்' என்ற டச்சு ரயில் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்பதுதான் பேச்சு. அதற்கு வந்த ஒரு யோசனை இது:

> உள்ளூர் இருப்புப்பாதை என்றே வைத்துக்கொள்ளலாமே?

இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளூர் என்றதும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று போகும் லோக்கல் வண்டிதான் நம் நினைவுக்கு வரும். இந்த டச்சுச் சொல் குறிப்பதோ ஒரு பாதை எந்தச் சட்டப்படி போடப்பட்டது என்பதை. 1878இல் நெதர்லாந்தில் ஒரு சட்டம் வந்தது: வண்டியை மெதுவாக ஓட்டுவதாக இருந்தால் கனம் குறைந்த தண்டவாளம் போதும், கேட்டுகளில் காவலும் குறைவாக இருக்கலாம். செலவு இறங்கியதால்தான் சின்ன ஊர்களுக்கும் ரயில் போனது.

ஜெர்மன் எல்லையோரம் இருக்கும் வின்டர்ஸ்வெய்க்கையே பாருங்கள். அந்த ஊர் நெசவாலை முதலாளி யான் வில்லிங்க் முன்னின்று ஸுட்ஃபன் ஊருக்குப் போட்ட பாதை 1878இல் திறந்தது, 1880இல் ஜெர்மனிக்குள்ளும் நீண்டது, அங்குள்ள ரூர் சுரங்கப் பகுதியின் நிலக்கரி வரவேண்டுமே. அது முழு விதிகளின்படி போட்ட பாதை. அப்புறம் 1881இல் அவரே இன்னொரு கம்பெனி தொடங்கி, புதிய சட்டத்தின் கீழ் 1884இல் வடக்கே நேடேவுக்கும், 1885இல் மேற்கே ஆல்டன், டெர்போர்க், டூட்டின்கெம் வழியாக சேவனாருக்கும் பாதை போட்டார். ஒரே ஊர், ஒரே மனிதர், தண்டவாள இடைவெளியும் அதே 1435 மில்லிமீட்டர்தான். விதி மட்டுமே வேறு.

அதனால் 'சிற்றிருப்புப்பாதை' கூடாது, தண்டவாள இடைவெளி குறுகிய பாதை என்று நினைத்துவிடுவார்கள். 'கிளைப்பாதை'யும் சரிவராது, சேவனார் பாதை இரண்டு முனையிலும் வேறு பாதையோடு சேர்கிறது.

என் பரிந்துரை: எளிவிதி இருப்புப்பாதை, அதாவது எளிய விதிகளின்படி போட்ட பாதை.

> ஐயா, எளிவிதி என்றால் யாருக்குப் புரியும்? சிக்கனப்பாதை என்றால் படித்ததும் விளங்குமே.

சிக்கனம் நல்ல சொல்தான் அம்மா, நானும் முதலில் அதைத்தான் எழுதிப் பார்த்தேன். ஆனால் முழு விதிப்படி போட்ட பாதையையும் சிக்கனமாகப் போடலாம். சிக்கனம் விளைவு, அதற்கு வழி விட்டது சட்டம். முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் சேர்த்துவிட்டால் எளிவிதி புரிந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2015இல் நடைமுறைக்கு வந்த டச்சுச் சட்டம் டிராம், மெட்ரோ தடங்களை 'லோகால் ஸ்போர்' என்கிறது. அங்கே எளிவிதி பொருந்தாது, 'நகர்த்தடம்' என்று தனியாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ளூர் என்றே போட்டால், 1885இல் ஆல்டன் வயல்வெளியில் ஓடிய நீராவி வண்டியும் இன்றைய ராட்டர்டாம் மெட்ரோவும் ஒரே இனமாகிவிடும்.

நேடே பாதையில் பயணிகள் வண்டி 1930களிலேயே நின்றுவிட்டது. சேவனார் பாதையில் இன்றும் டீசல் வண்டி ஓடுகிறது, ஆனால் பழைய விதியின் கீழ் இல்லை. ஆகவே வரைபடத்தில் அதை 'எளிவிதி இருப்புப்பாதையாகப் போடப்பட்டது, 1885' என்று எழுதலாம் என்றிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.