சாம்பிராணிப் புகை: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் (திருகோணமலை ஆட்களும் வாருங்கள்)

நான் திருகோணமலைச் சந்தைப் பக்கம் சரக்குக் கடை வைத்திருப்பவன், அதனால் கடையிலிருந்தே தொடங்குகிறேன். எங்களுக்குச் சாம்பிராணி வியாபாரம் சூடு பிடிப்பது வியாழன் பின்னேரம். மறுநாள் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் புகை காட்ட சைவ ஆட்கள் வருவார்கள், வியாழன் இரவே ராத்திபு (கூடியிருந்து இறைவனைப் புகழ்ந்து ஓதுவது) இருக்கிறது என்று முஸ்லிம் ஆட்கள் வருவார்கள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள் கிட்டினால் கத்தோலிக்க ஆட்களும் சேர்ந்துகொள்வார்கள். எல்லோருக்கும் ஒரே டின்னிலிருந்துதான் அள்ளி நிறுக்கிறேன். இது எந்தச் சமயத்துச் சாம்பிராணி என்று ஒருவரும் கேட்டதில்லை, கலப்படமா என்றுதான் கேட்பார்கள்!

அதற்கு ஒரு வழி இருக்கிறது. சிரட்டைத் தணல் மேலே சாம்பல் பூக்கும்வரை விடுங்கள், அப்புறம் ஒரு கட்டியைப் போடுங்கள். நல்லதென்றால் மெல்ல உருகிப் பொங்கி வெள்ளைப் புகையாக எழும்பும், வனிலா மாதிரி ஒரு இனிப்பு வாசம் வரும். பைன் பிசின் கலந்ததென்றால் கறுப்புப் புகை, தொண்டை கரிக்கும். இந்தச் சாம்பிராணி சுமாத்திராப் பக்கத்து மரத்தில் பட்டையைக் கீறி எடுக்கும் பிசின். இயேசு பாலனுக்கு ஞானிகள் கொண்டுபோனது வேறு பிசின், அது ஓமானின் தோபார், சோமாலியாப் பக்கத்து மரம்.

—

அண்ணன், நான் உப்புவெளி, சைவக் குடும்பம். கத்தோலிக்கக் கூட்டாளி ஒருவனின் அம்மா செத்தபோதுதான் கோயிலுக்குள் (அவர்கள் கோயில்) முதன்முதலாகப் பூசை முழுக்க நின்றேன். கடைசியில் சுவாமியார் தூபக்கலசத்தை ஆட்டிக்கொண்டே பெட்டியைச் சுற்றி வந்தார், சங்கிலி கிணுங்குகிற சத்தம் மட்டும்தான். உள்ளே இருந்தது சிரட்டைக் கரி இல்லை, வெடியுப்புச் சேர்த்த வட்டக் கரி, பற்றவைத்ததும் பொறி பறக்கும். செத்த உடம்புக்கு ஏன் தூபம் என்று பிறகு கேட்டேன். ஞானஸ்நானம் பெற்ற உடம்பு பரிசுத்த ஆவி குடியிருந்த வீடு, அதற்கு மரியாதை என்றார்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னால் மறக்க முடியாதது. கி.பி. 250இல் ரோமச் சக்கரவர்த்தி டீசியஸ், எல்லோரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலி கொடுக்க வேண்டும் என்று கட்டளை போட்டான். தணலில் ஒரு சிட்டிகை தூபம் போட்டாலே சில இடங்களில் போதும், போட மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள், சிலர் செத்தார்கள். உயிருக்குப் பயந்து போட்ட கிறிஸ்தவர்களைச் சபை விழுந்தவர்களாகவே பார்த்தது. அந்தத் தூபமே நூறு, நூற்றைம்பது வருசத்துக்குள் அவர்களுடைய வழிபாட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

—

நான் கிண்ணியா. எங்கட உம்மம்மா பிள்ளைக்குத் தலை முழுகவார்த்தால் சாம்பிராணிச் சட்டிக்கு மேல் கூடையைக் கவிழ்த்து, அதில் துணியை விரித்து, வாசம் ஏறிய துணியில்தான் பிள்ளையைச் சுற்றுவா. ஆண்கள் ஜும்ஆவுக்கு (வெள்ளி மதியத் தொழுகை) போகும் சட்டைக்கும் அதே புகைதான். இப்போது ஊரில் ராத்திபு, மவ்லூது (நபியைப் புகழ்ந்து பாடுவது) வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள், ஓதுகிற இடத்தில் சட்டி வைப்பதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போனால் கட்டாரிலிருந்து வந்த ஊத் (அகில் கட்டை) புகைந்துகொண்டிருக்கும்! வாசம் பூசுவது சுன்னத் (நபி வழி), அதைச் சடங்காக்கினால் பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை) என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அதில் பிழை தெரியவில்லை, உம்மம்மாவிடம் மட்டும் சொல்லிப் பார்க்காதீர்கள்.

—

தங்கச்சி, ஊத் கடையில் வைக்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள், என் முதலுக்குக் கட்டாது. மரத்துக்குக் காயம் பட்டுப் பூஞ்சணம் பிடித்தால்தான் உள்ளே அந்தப் பிசின் ஊறும், அதனால்தான் அந்த விலை. நம் நாட்டு வல்லப்பட்டை மரத்திலும் அது இருக்கிறது என்று தெரிந்த பிறகு காட்டில் களவாக வெட்டி, விமான நிலையத்தில் பலர் பிடிபட்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு மூச்சிழுப்பு இருந்தால் துணியை வேறு அறையில் வைத்துப் புகை காட்டச் சொல்லுங்கள்.