பி-மதிப்பு 0.043 என்றால், முந்திரி வியாபாரி சொன்னது உண்மையாக இருக்க 4 சதவீதம்தான் வாய்ப்பா?

முதுநகர் மாணவி:
கடலூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் புள்ளியியல் பேப்பர். மாமாவுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை. பண்ருட்டி வியாபாரி ஒருவர் முந்திரிப் பருப்பு போடுகிறார். "முழுப் பருப்புதான், நூற்றுக்குப் பத்துக்கு மேல் உடைசல் வராது" என்பது அவர் பேச்சு. போன வாரம் வந்த டின்னைத் திறந்து, பார்க்காமல் 20 பருப்பு எடுத்தேன். 5 உடைசல்.

உடைசல் விகிதம் 0.1 என்று வைத்து ஈருறுப்புப் பரவலில் (இத்தனை எடுத்தால் எத்தனை உடைசல் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் கணக்கு) போட்டுப் பார்த்தால், 20-ல் 5 அல்லது அதற்கு மேல் வர நிகழ்தகவு 0.043. இதுதான் பி-மதிப்பு. இது வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே, எனவே இன்மை எடுகோளை, அதாவது உடைசல் 10 சதவீதம்தான் என்பதை, நிராகரிக்கலாம். இதுவரை புரிகிறது. மாமா உடனே, "அப்போ அந்தாள் சொன்னது உண்மையா இருக்க நூத்துக்கு நாலுதான் சான்ஸ், அப்படித்தானே?" என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் மிஸ், "அப்படி மட்டும் பரீட்சையில் எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். ஏன் எழுதக்கூடாது?

கெடிலக்கரை:
இன்மை எடுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவோ அதைவிட அதிகமாகவோ விலகிய முடிவு வரும் நிகழ்தகவுதான் பி-மதிப்பு. எடுகோள் உண்மையாக இருக்கும் நிகழ்தகவு அல்ல. பரீட்சைக்கு இது போதும்.

முத்தியால்பேட்டை வாத்தியார்:
பரீட்சைக்குப் போதும், மாமாவுக்குப் போதாது. இந்த வரியை ஒப்பித்து முழு மார்க் வாங்கிவிட்டு, மறுநாளே "நாலு சதவீதம்தான் சான்ஸ் சார்" என்று பேசுகிற பிள்ளைகளைப் புதுச்சேரியில் டியூஷன் எடுத்த காலம் முழுக்கப் பார்த்தேன். கணக்காகப் போட்டால்தான் உறைக்கும்.

பாப்பா, உங்கள் ஊர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். புயல் வந்தால் கூண்டு ஏறியிருக்கும். ஆனால் கூண்டு ஏறும்போதெல்லாம் புயல் கடலூரிலேயே கரை கடக்கிறதா? இரண்டும் வேறு வேறு கேள்வி. நீ போட்ட 0.043, வியாபாரி சொன்னது உண்மை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு போட்ட கணக்கு. ஒப்புக்கொண்ட விஷயத்துக்கே அதற்குள்ளிருந்து எப்படி நிகழ்தகவு எடுப்பாய்?

சரி, மாமா கடைக்கு 100 டின் வருகிறது என்று வை. 90 டின்னில் அவர் சொன்னபடி 10 சதவீதம் உடைசல், மீதி 10 டின்னில் 25 சதவீதம். ஒவ்வொன்றிலும் 20 எடுத்து, 5-ம் அதற்கு மேலும் வந்தால் "தப்பு டின்" என்று ஒதுக்குகிறோம். நல்ல 90-ல் 0.043 பங்கு, அதாவது சுமார் 4 டின் அநியாயமாக மாட்டும். இதுதான் முதல் வகைப் பிழை. கெட்ட டின்னில் 5-ம் அதற்கு மேலும் வர நிகழ்தகவு 0.585. ஆக 10-ல் சுமார் 6 மாட்டும், 4 தப்பித்துவிடும். அது இரண்டாம் வகைப் பிழை. ஒதுக்கிய பத்தில் நாலு நல்ல டின்! மாமா நினைத்த 4 சதவீதம் எங்கே, இந்த 40 சதவீதம் எங்கே?

இதையே பாதிக்குப் பாதி ஏமாற்றுகிற ஆளுக்குப் போட்டால், நல்ல 50-ல் 2 மாட்டும், கெட்ட 50-ல் 29 மாட்டும். ஒதுக்கியதில் நூற்றுக்கு ஏழு கூடத் தேறாது நல்லது. சோதனை அதே, எல்லையும் அதே, ஆனால் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்பது 20 பருப்புக்குள் இல்லை. அது மாமாவின் பல வருஷக் கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது.

அந்த 0.05-ம் வானத்திலிருந்து விழவில்லை. 1925-ல் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் வசதிக்காகச் சொன்ன எல்லை அது. உனக்கு ஓர் உடைசல் குறைந்து 4 வந்திருந்தால் பி-மதிப்பு 0.133. ஒரே ஒரு பருப்பில் பி-மதிப்பு மூன்று மடங்காகிவிடுகிறது என்றால், மாதிரி, அதாவது எடுத்துப் பார்த்த பருப்பு, ரொம்பக் குறைவு என்று அர்த்தம்.

பண்ருட்டி ரோடு:
கணக்கெல்லாம் இருக்கட்டும், அந்த 20-ஐ எங்கேயிருந்து எடுத்தீங்க? பத்து வருஷமா இந்தச் சரக்கில்தான் இருக்கேன். டின் வண்டியில் குலுங்கி வரும்போது முழுப் பருப்பு மேலே நிற்கும், துண்டெல்லாம் அடியில் இறங்கிடும். மேலாக அள்ளினால் எந்த வியாபாரியும் யோக்கியன்தான். ஒரு தட்டில் மொத்தமாகக் கொட்டி, கலந்துவிட்டு எடுங்க.

முதுநகர் மாணவி:
மேலாகத்தான் எடுத்தேன் அண்ணா. அப்படியானால் அடியில் இன்னும் மோசமாக இருக்குமோ? வாத்தியார் சார், இன்னொரு 20 எடுத்துச் சேர்த்துப் பார்க்கட்டுமா?

முத்தியால்பேட்டை வாத்தியார்:
பண்ருட்டிக்காரர் சொன்னதுதான் முதல் வேலை. மாதிரி கோணலாக இருந்தால் என் கணக்கு எதுவும் நிற்காது.

இன்னொரு 20 வேண்டாம். பிடித்த விடை வரும்வரை இருபது இருபதாக எடுத்துக்கொண்டே போனால், நல்ல டின்னும் ஒருநாள் மாட்டிக்கொள்ளும். 0.05 என்ற பேச்சுக்கே அப்போது அர்த்தம் இல்லை. அடுத்த டின்னைக் கொட்டிக் கலந்து 100 எண்ணு. எண்ணும் முன்பே எல்லையை நோட்டில் எழுதிவிடு: 16-ம் அதற்கு மேலும் வந்தால் நிராகரிப்பு. நல்ல டின் மாட்ட நிகழ்தகவு 0.04, ஏறக்குறைய பழையபடிதான். ஆனால் 25 சதவீத டின் தப்பிப்பது நூற்றுக்கு ஒன்றாகிவிடும். மாதிரியைப் பெரிதாக்கினால் கிடைக்கும் லாபம் அதுதான்.

முதுநகர் மாணவி:
15 வந்தால்?

முத்தியால்பேட்டை வாத்தியார்:
பி-மதிப்பு 0.073. "நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை" என்று பேப்பரில் எழுது. வியாபாரி சொன்னது நிரூபணமாகிவிட்டது என்று எழுதாதே. கடையில், நூறில் பதினைந்து உடைசல் வந்தது என்று எண்ணியதை வியாபாரியிடம் காட்டி மாமா விலையைக் குறைத்துக் கேட்கலாம். அதற்கு எந்த எடுகோளும் வேண்டாம்.