பச்சையம்மன் பொங்கல் வேன்

வெள்ளி, காலை 6:04

சரோஜா: ஞாயிறு காலை 4.30க்கு வேன். எல்லோரும் தாம்பரத்திலேயே ஏறிவிடுங்கள், வீடு வீடாக வந்து நிற்காது. பானை, வெல்லம் என் பொறுப்பு. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இரண்டு பாக்கெட் சாக்லேட்டும் வாங்கிவிட்டேன்.

வள்ளி: பச்சரிசி என்னிடம். கோழி யார்?

தணிகாசலம்: [பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது] மிக மிக அவசரம்!! பிள்ளை பிடிக்கும் கும்பல் நம் மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. காரில் வருவார்கள். வயதான பெண்ணை முன்னால் அனுப்பி மிட்டாய் கொடுப்பார்கள். வீடியோவைப் பார்க்கவும். இன்று காலை நடந்தது. உடனே 10 குழுக்களுக்கு அனுப்பவும்.

மோகனா: ஐயோ மாமா. பெரியவனை டியூஷனுக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது

சரோஜா: கலி முற்றிவிட்டது.

தினேஷ்: காரில் வரும் வயதான பெண், கையில் மிட்டாய். அம்மா, உன்னைத்தான் சொல்கிறார்கள்

வள்ளி: கோழி யார் என்று கேட்டேனே

கவிதா: பெரியப்பா, இது பழைய வீடியோ. பைக்கில் இரண்டு பேர் வந்து, தெருவில் விளையாடுகிற பையனைத் தூக்கிக்கொண்டு போவதுதானே? கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. நடிப்பு. முழுசாகப் பார்த்தால் அதே பைக் திரும்பி வந்து பையனை இறக்கிவிடும், ஒருவர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட்டு 2018லேயே இங்கே சுற்றவிட்டார்கள். ‘இன்று காலை’ என்று போட்டிருக்கிறது, தேதி இல்லை, ஊர்ப் பெயர் இல்லை. என்றைக்கு அனுப்பினாலும் இன்று காலைதான்.

தினேஷ்: நூலகம் திறந்தாச்சு. அமைதி காக்கவும்

தணிகாசலம்: குரல் தமிழில் வருகிறதே?

கவிதா: மேலே ஒட்டியிருக்கிறார்கள். வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், எங்கெங்கே சுற்றியது என்று வந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

தணிகாசலம்: எனக்கு அனுப்பியவர் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஏழுமலை: தெரிந்தவர் சொன்னார் என்றுதானே ஏரிக்குள் மனை வாங்கினோம்.

தணிகாசலம்: பத்திரத்தில் நீயும்தான் கையெழுத்துப் போட்டாய்.

சரோஜா: ஏழுமலை, காலையிலேயே ஆரம்பிக்காதே. அண்ணா, நீயும் விடு.

கவிதா: தினேஷ், நீ அத்தையை வைத்துச் சிரித்தாயே, அது நிஜமாகவே நடந்தது. 2018 மே 9. நாம் போகிற அதே போளூர்ப் பக்கம், அத்திமூர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருக்கிறது. வழியில் நிறுத்திய இடத்தில், 65 வயது அம்மா ஒருவர் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடி அடித்தது. அந்த அம்மா செத்தே போனார். கூட வந்தவர்களுக்கும் பலத்த அடி. அதற்கு முன் பல நாளாக, வடக்கேயிருந்து கும்பல் இறங்கியிருக்கிறது என்று இதே மாதிரிதான் வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

காலை 6:41

சரோஜா: நம் போளூரா?

கவிதா: நம் போளூர்தான் அத்தை.

வள்ளி: அப்போது டிவியில் காட்டினார்கள் அண்ணி. நாம் அந்த வருஷம் ஆடிக்குப் போகவில்லையே, ஞாபகம் இருக்கிறதா

மோகனா: அந்த வருஷம் எனக்குச் சீமந்தம். அதனால்தான் போகவில்லை. எனக்குப் புடவை எடுத்ததில்கூட ஒரு சண்டை வந்ததே

வள்ளி: சண்டை எல்லாம் இல்லை. பார்டர் பெரிது என்றுதான் சொன்னேன்.

தணிகாசலம்: நான் எழுதவில்லை. வந்ததை அனுப்பினேன். ஒரு ஜாக்கிரதைக்குத்தானே.

கவிதா: புரிகிறது பெரியப்பா. ஆனால் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறது பாருங்கள். குறைந்தது ஐந்து கை மாறி வந்தால்தான் அது விழும். தாசில்தாரும் பார்த்ததில்லை, அவருக்கு அனுப்பியவரும் பார்த்ததில்லை. 2018ல் பல ஊர்களில் இப்படிக் கொலை விழுந்த பிறகுதான், இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கினார்கள். இரட்டை அம்பு விழுந்ததை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும்.

தணிகாசலம்: ஆமாம், ஒவ்வொன்றாகத்தான் போனது.

தினேஷ்: ஒவ்வொன்றாகவா? எத்தனை இடத்துக்கு மாமா?

தணிகாசலம்: வாக்கிங், ஓய்வூதியர், அபார்ட்மெண்ட், இது. நான்குதான்.

கவிதா: மோகனா, பிள்ளை விஷயத்தில் உண்மையாகவே சந்தேகம் என்றால் போலீஸ் 100, இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098. குழுவில் போட்டு ஒரு பயனும் இல்லை. பெரியப்பா, நான்கிலும் அழித்துவிடுங்கள். தவறான செய்தி என்று ஒரு வரியும் போடுங்கள்.

தணிகாசலம்: இங்கே அழித்துவிட்டேன்.

மோகனா: இன்னும் தெரிகிறது மாமா

தணிகாசலம்: எனக்குத் தெரியவில்லையே?

தினேஷ்: ‘எனக்கு மட்டும் நீக்கு’வை அழுத்தியிருப்பீர்கள். உங்கள் போனில் மட்டும் போயிருக்கிறது. எங்களுக்கெல்லாம் பத்திரமாக இருக்கிறது

கவிதா: மற்ற மூன்றிலும் செய்தியை அழுத்திப் பிடித்து ‘அனைவருக்கும் நீக்கு’ கொடுங்கள். இரண்டு நாளுக்குள் என்றால் போய்விடும். இங்கே மட்டும் இனி உங்களால் முடியாது, அட்மின்தான் எடுக்க வேண்டும்.

தணிகாசலம்: அட்மின் யார்?

சரோஜா: ஏழுமலை.

காலை 7:30

தணிகாசலம்: கவிதா, உன் அப்பாவிடம் சொல்.

ஏழுமலை: இதே குழுவில்தான் இருக்கிறேன்.

காலை 7:52

தணிகாசலம்: ஏழுமலை, அதை எடுத்துவிடு.

[நிர்வாகி ஏழுமலை இந்தச் செய்தியை நீக்கினார்]

தணிகாசலம்: போய்விட்டதா? எனக்குத் தெரியாது.

மோகனா: போய்விட்டது மாமா

ஏழுமலை: கோழி நான் வாங்குகிறேன். அண்ணன் வேன் காசு இன்னும் தரவில்லை.

தணிகாசலம்: ஏறும்போது கையில் தருகிறேன். ஓய்வூதியர் குழுவில் தவறான செய்தி என்று போட்டேன். 11 பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் வீடியோவைப் பார்க்கத் தவறிவிட்டாராம், மறுபடி அனுப்பச் சொல்கிறார்.

தினேஷ்: அனுப்பிவிடாதீர்கள் மாமா

சரோஜா: சாக்லேட்டை என்ன செய்வது?

கவிதா: கோயிலில், பொங்கலோடு சேர்த்துக் கொடுங்கள் அத்தை. வழியில் நிறுத்திக் கொடுக்க வேண்டாம்.

சரோஜா: என் ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய் கொடுக்க நான் பயப்பட வேண்டுமா? அங்கே எனக்கு யாரைத் தெரியாது?

வள்ளி: யாரைத் தெரியும் அண்ணி? பூசாரியே புது ஆள்.

சரோஜா: சரி, கோயிலில். ஆனால் ஆரணியில் டீக்கு நிறுத்தும்போது ஒரு பிள்ளை வந்து கையை நீட்டினால்?

காலை 8:20

ஏழுமலை: டிரைவர் 4.30 முடியாது, 5 என்கிறார்.