கலைச்சொல்: நீர்வண்ண ஓவியத்தில் பனியாற்றின் வெண்மை

நண்பர்களுக்கு வணக்கம்.

நீர்வண்ண ஓவியத்தில் வண்ணம் தீட்டாமல் விட்ட இடத்துக்குக் ‘காகித வெண்மை’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. எளிமையான சொல்தான், ஆனால் ஆங்கில ஓவியர் டர்னரின் ஆல்ப்ஸ் ஓவியங்களை அதைக்கொண்டு விவரிக்கத் தொடங்கினால் உடனே இடறுகிறது.

1802இல், அமியான் உடன்படிக்கையால் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையிலான போர் ஓய்ந்திருந்தபோது, டர்னர் ஆல்ப்ஸுக்குச் சென்றார். ஷமொனிப் பள்ளத்தாக்கையும் அங்குள்ள மெர் து கிளாஸ் பனியாற்றையும் அவர் வரைந்த குறிப்பேடுகளில் ஒன்றின் தாள்கள் முன்கூட்டியே சாம்பல் நிறம் பூசப்பட்டவை. அந்தப் பூச்சைச் சுரண்டி, அடியிலிருந்த தாளை வெளிக்கொணர்ந்தே பல இடங்களில் ஒளியை உண்டாக்கினார். அங்கே தெரிவதும் காகிதத்தின் வெண்மையே. ஆனால் அது விட்டுவைத்ததன்று, மீட்டெடுத்தது. ஆகவே காகிதம் என்ற பொருளைச் சொல்லும் பெயர் போதாது, செயலைச் சொல்லும் பெயர் வேண்டும்.

என் பரிந்துரை, ஊறுகாய் போல வினைத்தொகையாக அமையும் நான்கு சொற்கள். தூரிகையே படாத இடம் விடுவெண்மை. கத்தியாலோ நகத்தாலோ சுரண்டிப் பெற்றது சுரண்டுவெண்மை. தீட்டிய வண்ணத்தை மீண்டும் நனைத்துத் துணியால் ஒற்றி எடுத்தது ஒற்றுவெண்மை. வெள்ளை நிறமியைத் தடித்துப் பூசியது பூசுவெண்மை. இவை வெறும் பட்டியல் நுணுக்கமல்ல. பனிப்பிளவின் கூரிய விளிம்பைச் சுரண்டலும், சிகரத்தைச் சூழும் மூடுபனியின் கரையும் ஓரத்தை ஒற்றலும் தருவதைக் கண்ணாலேயே பிரித்தறியலாம்.

நிறமிகளின் பெயரில் மட்டும் ‘வெள்ளை’ தொடரட்டும். வின்சர் அண்டு நியூட்டன் என்ற ஓவிய வண்ண நிறுவனம் 1834இல் ‘சீன வெள்ளை’ என்று விற்கத் தொடங்கியது துத்தநாக ஆக்சைடு. பெயரைப் பார்த்துச் சீனாவைத் தேட வேண்டியதில்லை. நீர்வண்ணத்தில் ஈய வெள்ளை, கந்தகம் கலந்த காற்றுபட்டுக் கறுத்துவிடும். துத்தநாகம் அப்படிக் கறுப்பதில்லை. எனவே பூசுவெண்மை என்று குறிக்கும்போது எந்த வெள்ளை என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது.

விடுவெண்மைக்கு ‘ஒதுக்கிய வெண்மை’ என்ற மாற்றுச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஒதுக்குதல் என்றதும் வேண்டாதது என்ற பொருளும் உடன் வந்துவிடுகிறது. ஓவியரோ அந்த இடத்தைத்தான் முதலில் தீர்மானிக்கிறார்.

பிசின் தடவி வண்ணம் ஏறாமல் தடுத்துப் பெறும் வெண்மையை எதில் சேர்ப்பது என்பது மிச்சமிருக்கிறது. அந்தத் தாளையும் வண்ணம் தொடவில்லை என்பதால் நான் விடுவெண்மையில் சேர்ப்பேன். தனிச்சொல் வேண்டும் என்போர் ‘தடுவெண்மை’யைப் பரிசீலிக்கலாம்.