மொறிஸ் மைனர் 1000: முன் வலது புறம் தாழ்ந்துவிட்டது. டோர்ஷன் பாரை மாற்ற வேண்டுமா, பழைய உயரத்துக்குக் கொண்டுவர முடியுமா?

கேள்வி (கொக்குவிலிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1098 சிசி இயந்திரம் கொண்ட, நான்கு கதவு மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்று உள்ளது. அதன் முன்பக்கம், சாரதி அமரும் வலது புறத்தில், இடது புறத்தை விட ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் தாழ்ந்து நிற்கிறது. குழிகளில் இறங்கும்போது அந்தப் பக்கத்தில் மட்டும் றப்பர்த் தடுப்பில் மோதும் சத்தம் கேட்கிறது. கராச் ஒன்றில் ஷொக் அப்சோபரே காரணம் என்று கூறி, புதுப்பித்த ஒன்றைப் பூட்டினார்கள். வண்டி துள்ளுவது குறைந்ததே தவிர, உயரம் சற்றும் மாறவில்லை. இப்போது ஒருவர் இங்கிலாந்திலிருந்து புதிய டோர்ஷன் பார் (முறுக்கத்தால் வில்லாக வேலை செய்யும் உருக்குத் தண்டு) சோடி ஒன்றை வரவழைக்கச் சொல்கிறார். மற்றொருவர் பழைய பாரைச் சூடாக்கி முறுக்கித் தரலாம் என்கிறார். எதை நம்புவது என்று தெரியவில்லை. இந்த வேலையைச் செய்து பழகியவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில் (மருதானையிலிருந்து)

தம்பி, முதலில் அந்தப் பாரை எவரும் சூடாக்குவதற்கு இடம் கொடுக்க வேண்டாம். பதம் ஏற்றப்பட்ட வில் உருக்கு அது. கராச்சில் உள்ள காஸ் விளக்கின் சூடு பட்டால் அந்தப் பதம் இறங்கிவிடும். பிறகு அந்த இடத்திலேயே மீண்டும் தொய்யும், அல்லது ஓடும்போது முறியும்.

ஷொக் அப்சோபரை மாற்றியும் உயரம் மாறாததில் வியப்பில்லை. மைனரில் கை வடிவிலுள்ள அந்த ஹைட்ரோலிக் ஷொக் அப்சோபர்தான் மேல் இணைப்பாகவும் இருக்கிறது. எனவே அதன் தண்டில் ஆட்டம் இருந்தால் சில்லின் சாய்வு மாறும். ஆனால் வண்டியின் பாரத்தை அது தாங்குவதில்லை. பாரம் முழுவதையும் தாங்குவது, சில்லைச் சேசிஸோடு இணைக்கும் கீழ்க் கையில் பல்லுப் பூட்டாகத் தொடங்கி, வண்டியின் நீளவாக்கில் ஓடி, முன் இருக்கைகளுக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டத்தில் முடியும் டோர்ஷன் பார்தான். 1948இல் மைனரை வடிவமைத்து வெளிக்கொணர்ந்த அலெக் இசிகோனிஸ் இந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்ததால், முன்பக்க உயரத்தைச் சீர்செய்யும் வசதியும் வண்டியிலேயே அமைந்துவிட்டது.

பார் தொய்யும்போது உண்மையில் நடப்பது என்ன என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பல பத்தாண்டுகள் பாரம் தாங்கிய உருக்கு, தன் ஓய்வு நிலையிலிருந்து ஒரு சிறு கோணம் நிரந்தரமாகத் திரும்பிவிடுகிறது. அதன் விறைப்பு அநேகமாக அப்படியே இருக்கும். ஆகவே பாரில் வெடிப்போ துருப் பள்ளமோ இல்லாவிட்டால், அதன் தொடக்கக் கோணத்தை மாற்றிப் பூட்டினாலே உயரம் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் தாழ்ந்திருப்பது பார்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சமதரையில் நிறுத்தி, ரயர்களின் காற்றைச் சரிபார்த்து, வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, முன்பக்கத்தை அழுத்தி விட்டுவிட்டு அளவெடுங்கள். மட்காட்டின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டாம், இந்த வயதுடைய வண்டிகளில் அநேகமாக எல்லா மட்காட்டும் ஒரு தடவையாவது கழற்றிப் பூட்டப்பட்டிருக்கும். கீழ்க் கையின் உட்பக்க அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரம், வெளிப்பக்க அச்சு எவ்வளவு உயரம் என்று இரு புறமும் அளந்து, அந்த வித்தியாசத்தை ஒப்பிடுங்கள். பின் வலது இலை வில் தளர்ந்திருந்தாலும் முன்பக்கம் சரிந்து காட்டக்கூடும், அதையும் பாருங்கள். கீழ்க் கையைச் சேசிஸில் பிடிக்கும் உட்பக்க ஐ-போல்டில் (வளையத் தலை போல்ட்) உள்ள றப்பர் புஷ்கள் நசுங்கியிருக்கின்றனவா, சேசிஸ் காலும் குறுக்குச் சட்டத்தின் முனையும் துருப்பிடித்திருக்கின்றனவா என்பதை ஒரு திருகாணிச் செலுத்தியால் குத்திப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் கூறிய முறையில் அளந்தேன். பின்பக்கம் இரு புறமும் ஒரே உயரம். கீழ்க் கையின் அச்சுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை ஒப்பிட்டால், வலது புறத்தின் தாழ்வு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது. மீதி மட்காட்டு விளிம்பின் கோளாறாக இருக்க வேண்டும். வலது ஐ-போல்டின் றப்பர்கள் முட்டை வடிவில் நசுங்கியிருக்கின்றன. குறுக்குச் சட்டத்தின் வலது முனையில் பழைய வெல்டிங் ஒட்டு ஒன்று உள்ளது. குத்திப் பார்த்ததில் உறுதியாகவே இருக்கிறது. பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில் பாரின் மீதுள்ள வர்ணம் உரிந்து, செந்துரு படிந்திருப்பதையும் கண்டேன்.

பதில் (கோயம்புத்தூரிலிருந்து)

வணக்கம் ஐயா. நான் வைத்திருப்பது பழைய அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த வண்டி என்பதால் அதன் முன்பக்கத்திலும் டார்ஷன் பார்தான் வேலை செய்கிறது. நீங்கள் கடைசியாகச் சொன்ன துருவைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். பிரேக் ஆயில் கசிந்தால் வர்ணத்தை அரித்துவிடும், பிறகு ஈரம் நேராக உருக்கின் மேல் இறங்கும். முறுக்கத்தில் அழுத்தம் மிக அதிகமாக இருப்பது பாரின் மேற்பரப்பில்தான் என்பதால், ஒரு சிறு கீறலோ பள்ளமோ போதும், வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும். அந்த இடத்தை நைஸான எமரித் தாளால் நீளவாக்கில் துடைத்துப் பாருங்கள். வெறும் மேல்துரு என்றால் வர்ணம் பூசிப் பயன்படுத்தலாம். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். கழற்றும்போது குழாய்ச் சாவியால் பாரின் நடுவில் பிடித்துத் திருப்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

பதில் (மருதானையிலிருந்து)

கோயம்புத்தூர் நண்பர் கூறியது முற்றிலும் சரி. இனி வேலையின் ஒழுங்கைச் சொல்கிறேன்.

வண்டியைத் தூக்கி, சேசிஸின் கீழ் உறுதியான தாங்கிகளை வைத்து, சில்லைக் கழற்றுங்கள். ஷொக் அப்சோபரின் கை கீழே இறங்கி அதன் றப்பரில் தொங்காதபடி ஒரு மரக்கட்டையை இடையில் வையுங்கள். அதன் பின், கீழ்க் கையின் வெளி முனைக்குக் கீழ் ஜக்கை வைத்து, பாரம் ஜக்கின் மேல் வரும் வரை உயர்த்த வேண்டும். முன்னோக்கிச் செல்லும் இழுகம்பியையும் கீழ்க் கையின் முன் பாதியையும் கழற்றினால், கிங்பினின், அதாவது சில்லு திரும்பும் நிமிர் அச்சின், கீழ் முனையிலுள்ள மரை மூட்டான ட்ரனியனைக் கையின் பின் பாதியிலிருந்து முன்னோக்கி இழுத்து விடுவிக்கலாம். பிரேக் குழாய் இழுபடாதபடி அந்தத் தொகுதியைக் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள். அதன் பிறகு ஜக்கை மெதுவாக, மிக மெதுவாக இறக்குங்கள். ஆபத்து இருப்பது இந்த ஒரு கட்டத்தில்தான். பாரில் தேங்கியிருக்கும் விசை முழுவதும் இறங்கும் வரை கீழ்க் கைக்கு நேரே எவரும் தலையையோ கையையோ வைக்கக் கூடாது.

விசை இறங்கியதும், எதையும் அசைப்பதற்கு முன், பாரின் இரு முனைகளிலும், முன்னால் கீழ்க் கையோடும், பின்னால் குறுக்குச் சட்டத்தில் பிடிக்கும் நெம்புகோலோடும் சேர்த்து வர்ணத்தால் அடையாளம் இடுங்கள். உளியால் வெட்டி அடையாளம் இட வேண்டாம். பிற்கால மைனர்களில் பின் முனையில் பல துளைகள் கொண்ட வேர்னியர்த் தகடு இருக்கிறது; நுண்ணிய மாற்றத்துக்கு அந்தத் துளைகளே போதும். பல்லை மாற்றிப் பூட்டினால் ஒரு பல்லுக்கே உயரம் பெரிதாகத் தாவும். உங்கள் வண்டியில் புதிய புஷ்களும் வேர்னியர்த் துளைகளுமே காரியத்தை முடித்துவிடும் என்பது என் கணிப்பு. பாரம் இல்லாத நிலையில் கீழ்க் கை எவ்வளவு கீழே தொங்குகிறதோ, அவ்வளவுக்கு வண்டி உயர்ந்து நிற்கும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாரதிப் பக்கத்தில் மாஸ்டர் சிலிண்டர் சேசிஸ் காலுக்குள்ளேயே அமைந்திருப்பதால், அதன் போல்ட்களை வெளியே இழுக்க அந்தப் பார் வழிவிடாது. இப்போது பார் கழன்றுதான் இருக்கும். கசியும் சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டுப் பாரை மட்டும் பூட்டுவது எனக்கு ஒப்பாது. இரண்டையும் ஒன்றாக முடித்துவிடுங்கள்.

கேட்டவர்

ஒரு சந்தேகம் ஐயா. இடது புறப் பார் நல்ல நிலையில் உள்ளது. அதை வலது புறத்துக்கும், வலதை இடதுக்கும் மாற்றிப் பூட்டினால் தேய்வு சமப்படாதா?

பதில் (மருதானையிலிருந்து)

கூடவே கூடாது. பார்கள் செய்யப்படும்போதே, எந்தத் திசையில் முறுக்கம் ஏற்கப் போகின்றனவோ அந்தத் திசையில் முன்கூட்டியே முறுக்கி விடப்படுகின்றன. பக்கம் மாறினால் முறுக்கமும் எதிர்த் திசைக்கு மாறும். பார் விரைவில் தொய்யும் அல்லது முறியும். முனைகளில் எந்தப் பக்கத்துக்கு உரியது என்ற அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கழற்றியவுடன் துணி நாடா கட்டி எழுதி வையுங்கள்.

கேட்டவர்

வேலை முடிந்தது. துரு மேலோட்டமானதுதான், துடைத்ததும் உருக்கு வழவழப்பாகவே இருந்தது. வர்ணம் பூசி, இரு புறமும் புதிய ஐ-போல்ட் றப்பர்கள் போட்டு, வேர்னியர்த் தகட்டில் துளை மாற்றிப் பூட்டினோம். மாஸ்டர் சிலிண்டரின் றப்பர்களும் மாற்றப்பட்டன. இப்போது வலது புறம் இடதை விட மிகச் சிறிதளவு உயர்ந்து நிற்கிறது. மீண்டும் கழற்றிக் குறைக்க வேண்டுமா?

பதில் (மருதானையிலிருந்து)

இப்போதைக்குத் தொட வேண்டாம். புதிய றப்பர்கள் இடம் பிடித்து அமர்வதற்குக் கொஞ்சம் ஓடட்டும். ஐ-போல்ட்டின் நட்டை, வண்டி தன் சில்லுகளில் நிற்கும்போது இறுக்கினீர்களா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சில்லு தொங்கும் நிலையில் இறுக்கியிருந்தால் றப்பர் முறுகியபடியே பிடிபட்டு, உயரத்தையும் கெடுத்து, விரைவில் கிழிந்துவிடும். சில வாரங்கள் ஓடிய பின் அளந்து, அப்போதும் உயர்ந்திருந்தால் மட்டும் துளையை மாற்றலாம்.

உயரம் மாறியதால் முன் சில்லுகளின் முன்விளிம்புகள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவும் (டோ-இன்) மாறியிருக்கும். மைனருக்கு அது 3/32 அங்குலம்; சீர்செய்யும் இடத்தில் இந்த அளவைச் சொல்லியே செய்விக்க வேண்டும். முன் விளக்குகளின் நோக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரனியன்களுக்குக் கிறீஸ் அடிக்கும்போது சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி அடியுங்கள், அப்போதுதான் பாரம் தாங்கும் மரைகளுக்குள் கிறீஸ் போய்ச் சேரும். கீழ் ட்ரனியனின் மரை தேய்ந்துபோனால் கிங்பின் கழன்று சில்லே மடிந்துவிடும் என்பதால், வண்டி தூக்கப்படும் ஒவ்வொரு தடவையும் அதில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.