நாலந்தா நெல்: அந்தப் பத்து சதவீதம்

எண்கணக்கன்:
"விவசாயியே விஞ்ஞானி, அவன் எடுத்த மகசூல் கணக்கே ஆய்வு" என்று வரப்புவாசி அண்ணன் நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. அவர் காட்டிய ஆதாரம் பீகார், நாலந்தா மாவட்டம். 2011 காரிஃப் (மழைக்காலப்) பருவத்தில் தர்வேஷ்புரா விவசாயி ஒருவர் ஒற்றை நாற்று நட்டு எக்டேருக்கு 22.4 டன் எடுத்தாராம். அது ஈர நெல். காய்ந்த எடை 20.16 டன் என்கிறது அறிக்கை. 22.4ல் பத்து சதவீதம் கழித்துப் பாருங்கள், அச்சாக 20.16. இது தராசில் வந்த எண்ணா, வாயால் கழித்த எண்ணா?

வரப்புவாசி:
தம்பி நெல் காயவைத்ததே இல்லை போலிருக்கிறது. போன குறுவையில் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மீட்டர் 19 சதவீதம் காட்டியது, 17க்கு மேல் எடுக்க மாட்டோம் என்றார்கள். மூன்று நாள் ரோட்டில் கொட்டி, காலால் கிளறிக் கிளறிக் காயவைத்தவன் நான். ஈரம் என்றால் என்ன என்று எனக்கே பாடமா? அங்கே வேளாண் துறை ஆட்கள் முன்னால்தான் அறுத்தார்கள். பத்து கழித்தால் என்ன குடி முழுகிப் போச்சு?

நீர்முள்ளி:
பொதுமக்களே ஆய்வில் இறங்கும் குடிமக்கள் அறிவியல் என்று எதைச் சொல்கிறோம், அதை முதலில் பேசிக்கொள்ளலாமா? விவசாயி அளந்து கொடுப்பது வேறு, கேள்வியையே அவர் எழுப்புவது வேறு.

எண்கணக்கன்:
அது அப்புறம். பத்து சதவீதத்துக்குப் பதில் வரட்டும்.

ஓய்வுபெற்ற_ஏஓ:
வேளாண் அலுவலராக (ஏஓ) முப்பது வருடம் பயிர் அறுவடைப் பரிசோதனை, அதாவது ஒரு கட்டத்தை அறுத்து நிறுத்து மகசூலைக் கணிக்கும் வேலை, செய்தவன் சொல்கிறேன். 10க்கு 5 மீட்டர் கட்டம் என்று வையுங்கள். எக்டேருக்கு 22.4 டன் என்றால் அந்தக் கட்டத்தில் 112 கிலோ, மூன்று 40 கிலோ சிப்பத்துக்கு எட்டு கிலோதான் குறைவு. கயிறு ஒரு வரிசை தள்ளி விழுந்தாலே கணக்கு எங்கேயோ போகும். சீனாவின் கலப்பின நெல் விஞ்ஞானி யுவான் லாங்பிங்கே இதைப் பொய் என்றார்.

வரப்புவாசி:
ஏஓ சார், அதே யுவான்தான் ஒற்றை நாற்று முறையைச் சீனாவில் சோதித்து ஆதரித்தவர். அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? இந்த முறையை மடகாஸ்கரில் உருவாக்கியது யார்? லொலானியே என்ற பாதிரியார், 1983ல், விவசாயிகளோடு வயலில் நின்று. 2004ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதைப் பறக்கும் தட்டு என்று கேலி செய்தார்கள். இன்று எங்கள் ஊரில் இந்த முறைக்கான களையெடுக்கும் கருவியான கோனோவீடரை உருட்டாத ஆள் யார்?

எண்கணக்கன்:
எல்லாம் சரி அண்ணே. அந்தப் பத்து சதவீதம்?

வரப்புவாசி:
கிளிப்பிள்ளை. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் உண்ணிக்கொக்கைச் சின்னக்கொக்கு என்று பதிந்த ஆள்தானே நீங்கள்? கொக்கின் அலகு மஞ்சளா கறுப்பா என்று பார்க்கத் தெரியாதவர் ஈர நெல்லை அளக்க வந்துவிட்டார்.

எண்கணக்கன்:
அது மங்கலான படம்! அப்போதே திருத்திவிட்டேன்.

வரப்புவாசி:
நான் சொல்லித்தானே திருத்தினீர்கள்? அதற்கு ஒரு நன்றி உண்டா?

நீர்முள்ளி:
பாருங்கள், தப்பைப் பக்கத்து ஆள் பிடித்துத் திருத்துவதுதான் இந்த அறிவியலே...

ஓய்வுபெற்ற_ஏஓ:
அம்மா, கொக்கு பறந்துவிட்டால் பறந்ததுதான். நெல்லை மறுபடி நிறுக்கலாம். ஒருவரும் நிறுத்துப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

வரப்புவாசி:
நிறுக்க நீங்கள் எப்போது வயலில் இறங்கினீர்கள் சார்? ஜீப்பில் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்ட ஏஓக்களை நாங்கள் பார்த்ததில்லையா?

ஓய்வுபெற்ற_ஏஓ:
என்னைச் சொல்கிறீரா?

வரப்புவாசி:
பொதுவாகச் சொன்னேன். தொப்பி பொருந்தினால் போட்டுக்கொள்ளுங்கள். தை அறுவடைக்கு என் வயலுக்கு வாருங்கள், கயிறும் தராசும் நீங்களே கொண்டுவாருங்கள். கட்டத்தை நான்தான் காட்டுவேன்.

எண்கணக்கன்:
நீங்களே காட்டினால் அது என்ன சோதனை? கட்டத்தைக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். மீட்டரும் வேண்டும் அண்ணே. பத்து சதவீதம்...