அவுட்போர்டு எஞ்சினின் பேட்டரி வயரை நீட்டலாமா?

குளச்சல் வள்ளக்காரன்:
என் பைபர் வள்ளத்தில் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் (வெளிப்புறம் மாட்டுவது), பெட்ரோல் டேங்க், பேட்டரி மூன்றும் பின்னால்தான் இருக்கின்றன. ஆடி மாதத்து அலையில் பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் ஏறுகிறது. பேட்டரியை அணியம் (முன்) பக்கம் 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பழைய வயரோடு துண்டு வயரை முறுக்கி டேப் சுற்றினால் போதும் என்கிறார் கடைக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

முட்டம் மெக்கானிக்:
ஒப்பாததே நல்லது தம்பி. முறுக்கிய இணைப்பில் உப்புநீர் புகுந்து செம்பு பச்சை பிடித்துவிடும். நடுக்கடலில் செல்ப் (எஞ்சினைக் கிளப்பும் மோட்டார்) எடுக்காது. முழு நீளத்துக்கும் ஒரே வயராக மாற்றிவிடுங்கள். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு 5 மீட்டர் என்றால், போக வர 10 மீட்டர். செல்ப் மோட்டார் 120 ஆம்பியர் இழுத்தால் 16 சதுர மி.மீ. வயரில் சுமார் 1.3 வோல்ட் வீணாகும். 35 சதுர மி.மீ. வயரில் 0.6 வோல்ட்தான். வெள்ளீயம் பூசிய செம்பு வயராகவே கேட்டு வாங்குங்கள்.

தேங்காய்ப்பட்டணம்:
லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) நன்றாக அழுத்திப் பிடித்து, உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் குழாய் போடுங்கள். பிளஸ், மைனஸ் இரண்டும் ஒரே தடிமன் இருக்கட்டும்.

குளச்சல் வள்ளக்காரன்:
நன்றி அண்ணா. வயரைத் தரையோடு விடலாமா?

முட்டம் மெக்கானிக்:
வேண்டாம். தண்ணீர் தேங்கும் இடத்துக்கு மேலே, பக்கச் சுவரோடு கிளிப் போட்டுக் கொண்டுபோங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் எடுங்கள்; பெட்ரோல் பக்கத்தில் பொறி பறக்கவே கூடாது.